கோடைக்கு என்ன நிறம்?

ஏப்ரல் மாதத்தின் பிற்பகுதியில் தொடக்கப் பள்ளி ஒன்றின் முதல் வகுப்புக்குள் நுழைந்து பார்த்தவர்கள் அந்தக் காட்சியை அறிவார்கள். ஆண்டுத் தேர்வு முடிந்திருக்கும். பாடப் புத்தகங்களின் அட்டை கிழிந்து ஓரங்கள் சுருண்டிருக்கும். ஆயினும் கடைசி வேலைநாள் வரையில் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தாக வேண்டும். வெளியே அனல், உள்ளே நாற்பது குழந்தைகள். அப்போதுதான் ஆசிரியையின் மேசை இழுப்பறையிலிருந்து வண்ணப் பெட்டி வெளியே வரும். ‘சும்மா இருப்பதற்கு எதையாவது தீட்டிக்கொண்டு இருக்கட்டும்’ என்றுதான் பெரியவர்கள் பலரும் அதைப் பற்றி எண்ணுகிறார்கள். பெற்றோர் மட்டுமல்லர், உடன் பணிபுரிந்த ஆசிரியர்களே அவ்வாறு சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மதுரையில், வைகையின் வடகரையில் அமைந்த உதவி பெறும் பள்ளி ஒன்றில் 34 ஆண்டுகள் பணிபுரிந்தேன். மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளை நானாகக் கேட்டு வாங்கிக்கொள்வேன். சித்திரை மாதத்தின் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள்களில் பிள்ளைகளிடம் கண்டவற்றை, பேரப் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து வீட்டை நிறைக்கும் இக்காலத்தில் அன்பர்களோடு பகிர்ந்துகொண்டால் என்ன என்று தோன்றியது.

1978-ஆம் ஆண்டு நான் பணியில் சேர்ந்தபோது, வண்ணம் தீட்டும் படங்களை அச்சில் வாங்கித் தருகிற வசதி எங்கள் பள்ளிக்கு இல்லை. ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்ட தாள்களைச் சேர்த்து வைப்பேன். மூன்று கார்பன் தாள்களை இடையிட்டு நான்கு தாள்களை அடுக்கி, பேனாவை அழுத்தி வரைந்தால் ஒரே நேரத்தில் நான்கு படங்கள் கிடைக்கும். பத்து முறை வரைந்தால் நாற்பது. நான்காவது தாளில் கோடு மங்கலாக விழும். அதன் மேல் மறுபடியும் மையால் தடிப்பாக வரைய வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கு மெல்லிய கோடு உதவாது. கண்ணுக்குத் தெரிந்தாலும் கைக்கு அது தெரியாது. தடித்த கோடு வரப்பைப் போல; வண்ணக்குச்சி அங்கே வந்ததும் ‘இதோ முடிந்தது’ என்று கை தானாகவே உணர்ந்துகொள்ளும்.

பிற்காலத்தில் ஜெராக்ஸ் கடை வந்தது; வண்ணம் தீட்டும் புத்தகங்களும் மலிந்தன. அவற்றில் ‘கோடைக்காலம்’ என்று தலைப்பிட்ட பக்கங்களைப் புரட்டினால் எல்லாவற்றிலும் ஒரே காட்சிதான். கோடு போட்ட பெரிய கடற்கரைக் குடை, மணல் அள்ளும் வாளி, கூம்பில் வைத்த ஐஸ்கிரீம், கறுப்புக் கண்ணாடி அணிந்து சிரிக்கின்ற சூரியன். அவற்றை வரைந்தவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பல மாதம் குளிரிலும் இருளிலும் கிடந்து, வெயில் தலைகாட்டியவுடன் ஓடிச்சென்று அதில் படுத்துக்கொள்கிற நாட்டாரின் கோடை அது. நம் ஊரில் சித்திரை வெயிலைப் பார்த்து அது சிரிக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். மே 4-ஆம் தேதி வாக்கில் அக்கினி நட்சத்திரம் தொடங்கி, மாதக் கடைசி வரையில் வீட்டுத் திண்ணையில்கூடக் கால் வைக்க முடிவதில்லை. நிழலையும் நீரையும் தேடி ஓடுவதுதான் நமக்குக் கோடை.

கடவுளுக்கே நம்மவர்கள் அப்படித்தானே கோடையைக் கொண்டாடியிருக்கிறார்கள்! மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தை அன்பர்கள் அறிவீர்கள். அதற்கு வசந்த மண்டபம் என்றும் பெயர். வைகாசியில் அம்மனும் சுவாமியும் வெயில் தணிய எழுந்தருள்வதற்காகவே எழுப்பப்பட்டது. உள்ளே குளிர்ச்சி இருக்க வேண்டும் என்று சுற்றிலும் நீர் நிற்க அகழி போன்ற கால்வாய் வைத்தார்கள். பின்னாளில் அந்த மண்டபத்தில் தையற்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் நிறைந்திருந்த காலத்தில், என் வகுப்புக்கு வேண்டிய வண்ணப் பெட்டிகளை அந்தப் பகுதிக் கடைகளிலேதான் பேரம் பேசி வாங்கினேன்.

ஆகவே, கடற்கரைக் குடையை ஓரமாக வைத்துவிட்டு, எங்கள் பிள்ளைகளின் கோடையை நானே வரையலானேன். ஆற்று மணல் பரப்பி அதன்மேல் வைத்த மண்பானை, கழுத்தில் ஈரத்துணி சுற்றியது. தெருமுனையில் தென்னங்கீற்றுத் தண்ணீர்ப் பந்தல். நுங்கு தின்ற பிறகு மிஞ்சிய மட்டைகள் இரண்டைக் குச்சியால் இணைத்து ஓட்டும் நுங்கு வண்டி. மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்ப் பத்தை. பூத்துக் குலுங்கும் வேப்பமரத்தின் கீழே கயிற்றுக் கட்டிலில் உறங்கும் தாத்தா.

இவற்றுள் பிள்ளைகளைப் பெரிதும் திணற வைத்த படம், மொட்டை மாடியில் உலரும் வடாம். பழைய வேட்டி ஒன்றை விரித்து அதில் பாட்டி வடாம் பிழிந்திருக்கிறாள். மூலையில் காவலுக்கு ஒரு கறுப்புக் குடை. கைப்பிடிச் சுவரில் காத்திருக்கும் காக்கை. காக்கைக்குக் கறுப்பு, சுவருக்குக் காவி என்று எல்லாரும் விரைவாகத் தீட்டிவிடுவார்கள். வடாமிடம் வந்ததும் கை நின்றுவிடும். வெள்ளைத் தாளில் வெள்ளை வேட்டி, அதன்மேல் வெள்ளை வடாம். வெள்ளை வண்ணக்குச்சியை எடுத்து அழுத்தி அழுத்தித் தீட்டிப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமே தெரியலை டீச்சர்” என்று தாளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் விடையைச் சொன்னதில்லை. “உங்க வீட்டு மாடியிலே வடாம் எப்படிடா உன் கண்ணுக்குத் தெரியுது?” என்று மட்டும் கேட்டு அனுப்புவேன். ஓராண்டு ஒரு சிறுமி, யாரிடமும் கேளாமல், வேட்டி முழுவதையும் வெளிர்மஞ்சளாகத் தீட்டி வடாம்களை மட்டும் தொடாமல் விட்டாள். தாளில் வடாம்கள் பளிச்சென்று எழுந்து நின்றன. “வேட்டி பழசு டீச்சர், மஞ்சளடிச்சுப் போயிருக்கும்” என்றாள். வெள்ளையைக் காட்ட வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ளதைத் தீட்ட வேண்டும் என்பது ஓவியக் கல்லூரியில் கற்றுத்தரும் பாடம். பழைய வேட்டியை உற்றுப் பார்த்ததால் ஆறு வயதில் அது அவளுக்கு வாய்த்தது.

வண்ணம் தீட்டும் வேலையில் கை என்ன கற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் வளைந்து செல்பவை. ‘இ’யையும் ‘ஞ’வையும் எழுதுவதற்கு விரல்கள் ஒரே ஓட்டத்தில் மூன்று நான்கு இடங்களில் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்துக்குரிய வலிமை விரல் நுனிக்கு வருமுன்பே பென்சிலைக் கொடுத்து எழுது எழுது என்றால், குழந்தை அதை முழு முட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. இதற்கு நான் கண்ட எளிய வழி, வண்ணக்குச்சியை உடைத்துக் கொடுப்பது. முழுக் குச்சியை உள்ளங்கையில் அடக்கிப் பிடிக்கலாம். கட்டைவிரல் நகத்தளவு துண்டை அப்படிப் பிடிக்க இயலாது. பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் தாமாகவே கூடி அதைப் பற்றும். புதுப் பெட்டி வாங்கியவுடன் நான் எல்லாவற்றையும் இரண்டாகவும் மூன்றாகவும் ஒடிப்பதைப் பார்த்த தலைமையாசிரியர் முதலில் திகைத்துப்போனார். காரணத்தைச் சொன்ன பிறகு, தாமே உட்கார்ந்து ஒரு பெட்டியை ஒடித்துத் தந்தார்.

வெயிலுக்கும் மெழுகு வண்ணக்குச்சிக்கும் ஆகாது. எங்கள் வகுப்பறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பகல் இரண்டு மணிக்கெல்லாம் குச்சிகள் வியர்த்து, காகித உறையிலிருந்து நழுவி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகையால் தகரப் பெட்டியைத் தண்ணீர்ப் பானைக்கு அடியிலுள்ள ஈர மணலில் வைத்துவிடுவோம். தண்ணீர் குடிக்கப் போகிறவன் வரும்போது வண்ணத்தையும் எடுத்து வருவான். ஆனால் இளகிய குச்சி வழவழப்பாகத் தீட்டுகிறது என்பதைப் பிள்ளைகள் விரைவிலேயே கண்டுபிடித்தார்கள். குறிப்பாக மாம்பழத்துக்கு அதுவே உகந்தது என்று சொல்லி, சிலர் வேண்டுமென்றே குச்சியைச் சன்னலோரம் வெயிலில் வைத்து எடுப்பார்கள்.

கோட்டுக்கு வெளியே போகாமல் தீட்ட வேண்டும் என்பதில் பெற்றோருக்கு இருந்த அக்கறை எனக்கு இருந்ததில்லை. கை பழகினால் கோடு தானே அடங்கும். வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் குழந்தையின் கண் இருக்கிறது. பச்சை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிற குழந்தைக்குக் கிளிப்பச்சையும் இலைப்பச்சையும் பாசிப்பச்சையும் கண்முன்னே இருந்தும் தெரிவதில்லை. இதில் என் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள். பள்ளியைச் சுற்றிலும் தறிக்காரர்களும் சாயத் தொழிலாளர்களும் நிறைந்த தெருக்கள். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவதையும் சாயத்தில் தோய்ப்பதையும் அவர்கள் நாள்தோறும் பார்த்தவர்கள். அரக்கு, மாந்தளிர், வாடாமல்லி, கத்தரிப்பூ, மயில்கழுத்து, பாக்கு நிறம் என்று பெரியவர்கள் சேலைக்குச் சொல்லும் பெயர்களையெல்லாம் படத்துக்கும் சொல்வார்கள். சாயப்பட்டறை வீட்டுச் சிறுமி ஒருத்தி ஒருமுறை, “ஈரத்திலே ஒரு நிறம், காஞ்சா வேற நிறம்” என்று எனக்குப் பாடம் நடத்தினாள். பன்னிரண்டு நிறப் பெட்டியில் மாந்தளிர் ஏது? சிவப்பை மெல்லத் தீட்டி, அதன்மேல் பழுப்பையும், அதன்மேல் துளிப் பச்சையையும் தேய்த்து வரவழைப்பார்கள். அப்படி ஒரு பிற்பகலில் மாங்கொழுந்து ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது பேரும் முயன்றதைப் போன்ற அமைதியை என் வகுப்பில் நான் வேறெப்போதும் கண்டதில்லை.

இனி அழகர் படத்துக்கு வருகிறேன். மதுரைப் பிள்ளைகளுக்குக் கோடை என்றால் அழகர் ஆற்றில் இறங்குவதுதான். மற்றவையெல்லாம் அதற்கு அப்புறம். என் வகுப்பில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். கோரிப்பாளையம் பக்கத்திலிருந்து வருகிற குழந்தைகள் சிலர் தர்கா வாசலிலேயே வளர்ந்தவர்கள். ஆதலால் ‘ஆற்றுத் திருவிழா’ என்று மட்டும் பெயரிட்டு, பெரிய தாளில் படத்தை அகலமாக வரைவேன். நடுவில் குதிரை மேல் அழகர். சுற்றிலும் பலூன்காரர், பனையோலை விசிறி விற்பவர், தோற்பையில் நீர் நிரப்பிப் பீய்ச்சும் அடியார்கள், தண்ணீர்ப் பந்தல், தோளில் பிள்ளையைச் சுமந்த தகப்பன், கரையெல்லாம் தலைகள். எதை விரும்புகிறார்களோ அதைத் தீட்டலாம். ஆனால் குதிரையைத் தீட்டாமல் விட்டவர் யாரையும் நான் கண்டதில்லை. எந்த வீட்டுப் பிள்ளையானாலும் மஞ்சள் குச்சிக்குச் சண்டை வந்துவிடும்.

சிக்கல் அழகரின் பட்டில் வரும். அன்பர்கள் அறிந்ததே. தல்லாகுளத்தில் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையை ஏற்றுக்கொண்டு, சித்ரா பௌர்ணமியன்று அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குகிறாரோ அதைக்கொண்டு அவ்வாண்டின் பலனைச் சொல்வார்கள். பச்சை என்றால் நாடு செழிக்கும் என்பார்கள். சிவப்பு என்றால் முகம் சுருங்கும். பெட்டிக்குள் கைவிட்டு, கைக்கு அகப்பட்ட பட்டை எடுத்துச் சாத்துவார்கள் என்பது வழக்கு. திருவிழாவுக்கு நான்கு நாள் முன்னதாகவே என் வகுப்பில் பந்தயம் தொடங்கிவிடும். பச்சைதான் என்பவர்கள் ஒரு பக்கம். சென்ற ஆண்டு பச்சை வந்ததால் இம்முறை வராது என்று கணக்குச் சொல்பவர்கள் ஒரு பக்கம்.

ஓராண்டு எல்லாரும் படத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பையனுடைய தாளில் குதிரை, குடை, மாலை, கூட்டத்திலிருந்த ஒவ்வொரு தலையும்கூடத் தீட்டப்பட்டிருந்தது. அழகரின் ஆடை மட்டும் வெறுமையாக இருந்தது. மறந்துவிட்டாயா என்று கேட்டேன். என்னை ஏதோ அறியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

“இன்னும் பெட்டியைத் தொறக்கலையே டீச்சர்?”

அந்தத் தாளை வாங்கி, மற்றவற்றோடு சேர்க்காமல் பீரோவில் தனியே வைத்தேன். திருவிழா விடுமுறை முடிந்து வந்த காலையில், வருகைப் பதிவுக்கு முன்பே என்னிடம் வந்து அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்த் தீட்டினான். மாமாவின் தோளில் உட்கார்ந்து தானே பார்த்த நிறத்தை.

பட்டுக்கு வந்த சிக்கல் இனிமையானது. ஆற்றுக்கு வந்தது அப்படியன்று.

சித்திரையில் வைகையில் நீர் இராது. ஆண்டிபட்டிக்கு அருகே 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையிலிருந்து திருவிழாவுக்கென்றே தண்ணீர் திறந்துவிடுவார்கள். அணையிலும் நீர் இல்லாத ஆண்டுகளில் ஆற்றின் நடுவே தொட்டி போல அமைத்து நிரப்பி, அதில் அழகரை இறக்கியதையும் பார்த்திருக்கிறோம். வடகரைப் பிள்ளைகளுக்கு ஆறு என்றால் மணல். கிட்டிப்புள் ஆடும் இடம். ஆகவே என் படத்திலிருந்த ஆற்றை அவர்கள் பெரும்பாலும் மண் நிறத்திலேயே தீட்டுவார்கள். சிலர் குதிரையின் காலடியில் மட்டும் சிறிதளவு நீலம் வைப்பார்கள். அது தொட்டி.

1990-களின் தொடக்கத்தில் ஓராண்டு, இந்தப் படம் தீட்டிக்கொண்டிருந்த நாளில் பள்ளியைப் பார்வையிட அதிகாரி ஒருவர் வந்தார். கெட்ட மனிதர் அல்லர்; குழந்தைகளிடம் குனிந்து பேசுகிறவர்தான். முன்வரிசையிலிருந்த பையனின் தாளை எடுத்துப் பார்த்தவர், “இது என்னப்பா?” என்றார்.

“ஆறு சார்.”

“ஆறு என்ன நிறம்?”

“மண்ணு நிறம் சார்.”

“தண்ணி?”

“தண்ணி இன்னும் வரலை சார். நாளைக்கு வருமாம்.”

வகுப்பு சிரிக்கவில்லை, அவர்களுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அவர்தான் சிரித்தார். பையனின் பெட்டியிலிருந்து நீலக் குச்சியை எடுத்து, “ஆறு நீலம், மரம் பச்சை, சூரியன் மஞ்சள். சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும்” என்று சொல்லி, மணல் நிறத்தின்மேல் தாமே இரண்டு கோடு இழுத்துக் காட்டினார். பார்வையாளர் பதிவேட்டில், மாணவர்களுக்கு நிறங்களை முறையாகக் கற்பிக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். ‘பிள்ளைகள் கண்டதைத் தீட்டியிருக்கிறார்கள் ஐயா, பாலத்தில் போகும்போது ஆற்றைப் பாருங்கள்’ என்று வாசல் வரையில் சென்று சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்தவாறே தலையசைத்தார்.

பதிவேட்டில் எழுதியதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என்னை உலுக்கியது மறுநாள் காலை. மீதியிருந்த தாள்களைக் கொடுத்தேன். நாற்பது தாள்களிலும் ஆறு நீலமாக இருந்தது. கரை நீலம் வரை தீட்டியிருந்தார்கள். முன்வரிசைப் பையன் அழுத்தித் தீட்டியதில் தாளே கிழிந்திருந்தது. வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற ஆற்றை ஒருவர் சொல்லுக்காக ஒரே இரவில் அவர்கள் கண்ணிலிருந்து அழித்துவிட்டார்கள். இப்படித்தான் நாமெல்லாரும் சூரியனுக்குக் கதிர் வரைந்து, மலைகள் இரண்டுக்கு நடுவே அதை வைத்து, பார்த்தேயிராத ஒன்றை ‘இயற்கைக் காட்சி’ என்று சொல்லப் பழகினோமோ என்று அப்போது தோன்றியது.

அன்று பத்து மணிக்குத் தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, ஆயாவையும் உடன் அழைத்துக்கொண்டு, இருவர் இருவராகக் கைகோத்து எல்லாரையும் ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றேன். பள்ளியிலிருந்து ஐந்து நிமிட நடை. பரீட்சை அட்டையும் தாளும் வண்ணத் துண்டுகளும் கையில். கரையில் அரசமர நிழலில் உட்கார வைத்து, “பேசக்கூடாது, தீட்டவும் கூடாது, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருங்கள்” என்றேன்.

அங்கே இருந்தவை என்னென்ன! வெளுத்த மணல், அதில் ஈரம் கசிந்த இடமெல்லாம் வெல்லப்பாகின் நிறம். ஓரமாக ஊர்ச் சாக்கடை கலந்து ஓடிய கருநீர். அதை அடுத்து ஆகாயத்தாமரைப் பச்சை. அதன்மேல் யாரும் நட்டு வைக்காத ஊதாப் பூக்கள். வெள்ளாவி வைத்த துணிகள் காய்ந்த வரிசை. சாயம் ஏற்றி உலர்த்தியிருந்த நூற்கற்றைகள் சிவப்பும் நீலமுமாக மூங்கிலில் தொங்கின. வானம் நீலமாக இருக்கவில்லை. சித்திரைப் பகலில் அது வெளிறிப்போய், கழுவிய பாத்திரத்தைப் போலக் கிடக்கும்.

நாங்கள் உட்கார்ந்திருந்தபோதே மேற்கே பாலத்தடியில் ஆட்கள் கை காட்டிக் கூவினார்கள். அணை நீர் வந்துகொண்டிருந்தது. ஆற்றில் நீர் வருவதை அதன் தலைப்பிலேயே பார்த்தவர்கள் அறிவார்கள். அது பாய்ந்து வருவதில்லை. மணலை நக்கிக்கொண்டு, பள்ளம் கண்ட இடத்தில் நின்று நிரப்பிக்கொண்டு, சருகையும் வைக்கோலையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, நடந்து வருகிற பெரியவரைப் போல வந்தது. கரையில் நின்ற பெண்கள் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்; ஒருத்தி குனிந்து அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். அமர்த்த நான் முயலவில்லை.

முன்வரிசைப் பையன் என் சேலைத் தலைப்பை இழுத்தான். “தண்ணி வந்துடுச்சு டீச்சர். ஆனா நீலமா இல்லையே, டீ மாதிரி இருக்கே!”

“அப்ப என்ன பண்ணப் போறே?”

அவன் பதில் சொல்லவில்லை. உட்கார்ந்து, பெட்டியிலிருந்து பழுப்பை எடுத்தான். அதன்மேல் மஞ்சள், நுரைக்கு ஒன்றும் தீட்டாத வெள்ளைத் தாள், ஓரத்தில் கறுப்பு. நூற்கற்றையின் சிவப்பு நீரில் விழுந்து அசைந்ததைக்கூட அவன் விடவில்லை. அருகிலிருந்த பெண் ஆகாயத்தாமரைப் பூவுக்காகச் சிவப்பையும் நீலத்தையும் கலந்துகொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. அவ்வயதுப் பிள்ளைகள் ஒரே வேலையில் பதினைந்து நிமிடம் அமர்ந்தாலே பெரிது. வண்ணக்குச்சிகள் பாதிக்கு மேல் உருகிக் கைகளெல்லாம் பிசுபிசுத்தன. திரும்பும் வழியில் கண்ணில் பட்ட குழாயடியில் எல்லாரையும் நிறுத்திக் கழுவிவிட்டோம்.

அந்த நாற்பது ஆறுகளையும் வகுப்புச் சுவரில் ஒட்டினேன். கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது பாதியைப் பல்லி நக்கியிருந்தது, மீதி தொங்கிக்கொண்டிருந்தது. பதிவேட்டில் எழுதிய அதிகாரி மறுபடி எங்கள் பள்ளிக்கு வரவில்லை. மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

2007-ஆம் ஆண்டு வாக்கில் செயல்வழிக் கற்றல் முறை மாநிலமெங்கும் வந்தபோது, சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்பக் கரும்பலகை அமைத்துக் கொடுத்தார்கள். அதைப் பற்றிப் பலருக்குப் பல கருத்து உண்டு. எனக்கு அந்தத் தாழ்வான பலகை ஒன்றுக்காகவே அதன்மேல் மதிப்பு. வண்ணச் சுண்ணக்கட்டியைக் கையில் கொடுத்தால் தரையில் அமர்ந்தபடியே ஆளுக்கொரு கோடையை வரைந்துகொண்டிருப்பார்கள். 2012-இல் ஓய்வு பெறும் வரையில் என் சித்திரை மாதங்கள் சுண்ணத் தூளோடுதான் கழிந்தன.

இப்போது பேரப் பிள்ளைகளுக்குக் கைபேசியிலேயே வண்ணம் தீட்டும் விளையாட்டு இருக்கிறது. விரலால் தொட்டவுடன் ஆறு முழுவதும் ஒரே நொடியில் நீலமாகிவிடுகிறது. கோட்டைத் தாண்டாது, அழுத்தியதும் தெரியாது, அயர்ந்ததும் தெரியாது. என் பேத்தி அதில் ஒரு மணி நேரத்தில் முப்பது படம் முடித்துக் காட்டினாள். எந்தப் படத்தில் என்ன இருந்தது என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணு மீன்னு நெனைக்கிறேன் பாட்டி” என்றாள். அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தாளும் குச்சியும் எடுத்து வைத்துவிட்டு நானும் அவள் அருகில் அமர்ந்து ஒரு சொம்பு வரைந்தேன். செம்பா பித்தளையா என்பதிலேயே எங்களுக்குள் வழக்கு வந்து, பூஜை அலமாரியிலிருந்து இரண்டையும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டோம்.

விடுமுறையில் பேரக் குழந்தைகளோடு இதைச் செய்ய விரும்பும் அன்பர்களுக்குப் பழகியவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். படம் நன்றாக வர வேண்டும் என்பதில்லை. நீங்கள் வரைந்த காக்கை கோழியைப் போல இருந்தால் பிள்ளைகள் திருத்திக்கொள்வார்கள். கோடு தடிப்பாக இருக்கட்டும். ‘இது என்ன?’ என்று கேட்டால் குழந்தைக்கு முகம் வாடிவிடும். ‘இதைப் பற்றிப் பாட்டிக்குச் சொல்லேன்’ என்றால் அரைமணி நேரம் சொல்லும். கையிலிருக்கும் குச்சியை வாங்கி நாம் தீட்டிக் காட்டுவது மட்டும் வேண்டாம். உடைந்த துண்டுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், சிறு கைகளுக்கு அவையே ஏற்றவை. கத்திரி தொடங்கிவிட்டால் பெட்டியைச் சன்னலோரத்தில் வைக்காமல், தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணல் இருந்தால் அதில் ஒரு கிண்ணத்தைப் பதித்து, அதற்குள் போட்டு வையுங்கள்.